சத்தம் போட்ட கார்டு

முதலில் தப்பாகப் பட்டது சத்தம்தான். மெமரி கார்டுக்குள் சுழல்வதற்கு ஒன்றும் கிடையாது. தபால்தலை அளவு பிளாஸ்டிக், அவ்வளவுதான். ஆனால் மத்தியானம் மூன்றரைக்கு, படுக்கையறை மேசையில், அந்தக் கார்டு மட்டும் சொருகியிருந்த பழைய கம்ப்யூட்டர் கர்... கர்... என்றது.

வீட்டுக்காரர் ஒரு மெக்கானிக். பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். கழற்றிய ஹார்ட் டிஸ்க் ஒயர் இல்லாமல் செங்கல் மாதிரி கிடந்தது.

அவர் மனைவி பதினெட்டு வருஷம் இந்தப் பெட்டியில்தான் மகளுக்கென்று எழுதி வைத்தாள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவாள். அவள் போய் மூன்று மாதம். டிஸ்க்கும் இழுத்துக்கொண்டு கிடந்ததால், உள்ளே இருப்பதைக் கார்டுக்கு மாற்றக் காலையில் உட்கார்ந்தார். எதிலிருந்து, எதற்கு என்று கம்ப்யூட்டர் கேட்ட இடத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டார். காலிக் கார்டு நிறைந்த டிஸ்க்கைத் துடைத்துப் போட்டது. அவருக்கு அழுகை வரவில்லை. கை கழுவினார். சாப்பிட்டார்.

மகள் போன் செய்தாள்.

"அப்பா, நாலு மணிக்கு வந்துடுவேன். அம்மா எழுதினது பத்திரமா இருக்குல்ல?"

"இருக்கு, இருக்கு."

"நோண்டாதீங்க. மிக்ஸிய ரிப்பேர் பண்ண கதை போதும்."

"நீ வா முதல்ல."

வெறும் திரையைக் காட்டி, பழியை டிஸ்க் மேல் போட்டுவிடலாம் என்றுதான் காலிக் கார்டைச் சொருகி ஸ்விட்சைத் தட்டினார்.

கர்... கர்... ஒவ்வொரு கர்ருக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு விசில். டிஸ்க்குக்கு விசில் கிடையாது. அது மனைவியின் நெஞ்சில் கேட்டது, அவளுடைய கடைசி ராத்திரி, இதே அறையில். தூக்கம் கெடுகிறதென்று அவர் தலையணையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவச் சாத்தாதீங்க என்றாள். சாத்தினார். விடிந்து திறந்தார்.

காலித் திரையில் ஒவ்வொரு எழுத்தாக வந்தது. வாய்க்குள் கூட்டிப் படித்தார்.

kadhava saathaadheenga

ஸ்விட்சை அணைத்தார். ஒயரைப் பிடுங்கினார். கார்டை உருவினார்.

சத்தம் நின்றது.

வராந்தாவில் செருப்புச் சத்தம். இடது கால் இழுத்து இழுத்து. அது அவருடைய நடை. குனிந்து பார்த்தார். செருப்பு அவர் காலில்தான் இருந்தது.

கதவு வெளியிலிருந்து சாத்திக்கொண்டது.

எழப் பார்த்தார். கால் வரவில்லை. எங்கேயோ மறுபடி கர்... என்றது.

வாசலில் மகள் குரல். "அப்பா! உள்ளதானே இருக்கீங்க?"

"வா வா," என்றது கூடத்தில் அவருடைய குரல். "எல்லாம் பத்திரமா இருக்கு."

"அந்த ரூம்ல என்னப்பா சத்தம்?"

"பழைய டிஸ்க்மா. ரெண்டு நாள்ல தானா நின்னுடும்."

மகளே என்று கத்தினார். தொண்டையிலிருந்து வந்தது கர்... கர்...

நடுவில் மெல்லிசாக ஒரு விசில்.