ஜெயசீலனின் மிஸ்டு கால்

புனேக்கு வேலைக்கு வந்த புதிதில் எனக்கு வாய்த்த சொந்தபந்தமெல்லாம் ஆபீஸ் ஷட்டில் வண்டி டிரைவர்கள்தான். லோஹேகாவில் வீடு, ஹிஞ்சவடியில் ஆபீஸ். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தினமும் போய் வரவேண்டும். கட்டிய புருஷன் முரளியிடம் பேசியதைவிட அந்த டாட்டா சுமோவில் நான் பேசியதுதான் அதிகம்.

முதலில் பவார் என்று ஒருவர் வந்தார். ஔந்த் சாலையில் தெரிந்த முகம் எதைப் பார்த்தாலும் வண்டியை நிறுத்தி நலம் விசாரிப்பார். அவருக்குத் தெரியாத முகம் அந்தச் சாலையில் கிடையவே கிடையாது. அடுத்தவர் முகமது ரஃபீக். வாயே திறக்கமாட்டார். ஸ்பீட் பிரேக்கர் வந்தால் மட்டும் "சம்பால்கே", பார்த்து, என்பார். அதற்குள் எங்கள் தலை கூரையில் இடித்திருக்கும்.

பிறகு ஜெயசீலன் வந்தார்.

புனேயிலேயே போபோடிக்காரர். அவருடைய தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வந்தவராம். தமிழ் நன்றாகப் பேசுவார், ஒரு எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாது. முதல் நாளே கண்ணாடியில் என்னைப் பார்த்து, "கோயமுத்தூரா மேடம்? நீங்க பேசுனா கெஞ்சுற மாதிரியே கீது" என்றார். எனக்குக் கோபம் வரவேண்டியது, சிரிப்பு வந்துவிட்டது. சாப்பிடாமல் ஏறினால் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். "வண்டில மயக்கம் போட்டு வுழுந்தா நானா தூக்கினு போறது?" என்று திட்டிக்கொண்டே வடாபாவ் கடையில் நிறுத்துவார். அவரால் எத்தனையோ நாள் எங்கள் மொத்த ஷட்டிலும் தாமதமாகப் போய் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. ஒருத்தரும் அவரைக் காட்டிக் கொடுத்ததில்லை.

அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. காலையில் வண்டி கேட்டுக்கு வந்ததும் நம் செல்போனுக்கு ஒரு ரிங் கொடுப்பார். நாம் அதை எடுக்கக் கூடாது, கட் செய்யவேண்டும். கட் செய்தால் 'தெரிந்தது, வருகிறேன்' என்று அர்த்தம். அப்போது ஊரே அப்படித்தான் இருந்தது, பேசினால் காசு. தெரியாத்தனமாக யாராவது எடுத்து "ஹலோ" என்றால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

சாயங்காலம் கடைசியாக இறங்குவது நான். என்னை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பும்போது தன் வீட்டுக்கு ஒரு ரிங் கொடுப்பார். போபோடியில் அவர் மனைவி ஷீலா கட் செய்வாள். செல்போனின் சின்னத் திரையைப் பார்த்து அவர் ஒரு சிரிப்பு சிரிப்பார் பாருங்கள், கல்யாணம் ஆகிப் பல வருடமான மனிதர் என்று சொல்லவே முடியாது.

"ஒரு நாளாவது எடுத்துப் பேசினால் என்னங்க?" என்று கேட்டேன்.

"வூட்டுக்குப் போயி பேசத்தானே போறோம் மேடம்? வழில இன்னா பேச்சு?"

அந்த ஜூலையில் மழை கொட்டித் தீர்த்தது. அன்றும் என்னை இறக்கிவிட்டார். ஒரு ரிங் கொடுத்தார். அங்கே கட் ஆனது. சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார். பின் விளக்கு இரண்டும் மழையில் கரைந்து போகிறவரை நான் எதற்கோ நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை செல்போன் அடிக்கவில்லை. கீழே போய்ப் பார்த்தால் வேறு வண்டி நின்றது. ரஃபீக் ஸ்டியரிங்கில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார். முந்தின இரவு கட்கி கன்டோன்மென்ட் சாலையில் ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து சுமோவின் மேல் விழுந்துவிட்டது. உள்ளே ஜெயசீலன். மழையில் அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. விடிந்த பிறகுதான் கிளைகளை வெட்டி அவரை எடுத்திருக்கிறார்கள்.

அடக்கத்துக்கு எல்லோரும் போனோம். ஷீலா யாரோடும் பேசவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் ரஃபீக், ஐந்தாறு வார்த்தை சேர்த்தாற்போல் பேசியது அதுதான் முதல் தடவை, "ஷீலா பாபி ஆப்கோ புலா ரஹீ ஹை" என்றார். ஜெயசீலனைக் கடைசியாக உயிரோடு பார்த்தவள் நான்தான். அதனால் என்னைப் பார்க்கவேண்டும் என்றாளாம். போபோடியில் பெரிய சாலை ஓரம் வண்டியை நிறுத்தி, காத்திருப்பதாகக் கை காட்டினார்.

சந்து இரண்டு ஆள் சேர்ந்தாற்போல் போகமுடியாத அகலம். கரண்ட் இல்லை. இருட்டுவதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தாலும் மழை மேகம் முன்கூட்டியே இருட்டை இறக்கிவிட்டிருந்தது. நனைந்த சுவரின் வாடை, மண்ணெண்ணெய் வாடை, எங்கோ மீன் பொரிக்கும் வாடை. பக்கத்துத் தண்டவாளத்தில் லோக்கல் ரயில் போனபோது சந்தின் தகரக் கூரைகள் எல்லாம் நடுங்கி அடங்கின.

ஷீலா கதவைத் திறந்து வைத்திருந்தாள். ஒற்றை அறை. இயேசு படத்தின் கீழே மெழுகுவர்த்தி. அதற்கருகில் கால் மடக்கி உட்கார்ந்து செல்போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"உக்காருங்கக்கா. அவரு அன்னிக்கு எப்படி இருந்தாரு?"

"சிரிச்சுட்டுத்தான் போனாருங்க" என்றேன். 

அவள் தலையாட்டினாள். 

"உங்க கேட்டாண்டையிருந்து ரிங் வுட்டாரு. நான் கட் பண்ணேன். டீத்தண்ணி வெச்சேன். கொஞ்ச நேரத்துல திரும்பவும் ரிங் வந்துச்சு. அரே, ஒரு வாட்டி சொன்னா பத்தாதா, வெளையாடறாருன்னு நெனச்சு சிரிச்சினே கட் பண்ணேன். திரும்பவும் அடிச்சாரு. திரும்பவும் கட் பண்ணேன்."

செல்போனை மடியில் வைத்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள்.

"மரத்துக்கு அடியில கெடந்து அடிச்சிருக்காருக்கா. என்னைக் கூப்ட்டிருக்காரு. நான் கட் பண்ணிக் கட் பண்ணிப் போட்டேன். அவரு உசுரு போவும்போது இன்னா நெனச்சிருப்பாரு? ஷீலா வேணும்னே கட் பண்றான்னுதானே?"

  அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பச்சைத் தண்ணீரில் ஊறிய கை மாதிரி அத்தனை குளிர்ச்சி.

"உங்களுக்குத் தெரியாதுங்களே ஷீலா. யாருக்குமே தெரியாது."

"எனக்குத் தெரியாதுன்னு அவருக்குத் தெரியணும்ல? அது ஒண்ணு போதும்கா எனக்கு."

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"தெனம் வருதுக்கா."

"என்ன வருது?"

"இதே நேரத்துக்கு. ஒரு ரிங். எடுக்கலாம்னு பாத்தா அதுக்குள்ள நின்னுடுது."

துக்கத்தில் மனசு என்னென்னவோ செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். கிளைகளை வெட்டியபோது ஜெயசீலனின் செல்போன் நொறுங்கிப் போனது எனக்குத் தெரியும். அந்த எண்ணையும் மூடிவிட்டார்கள். அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன்.

செல்போன் அடித்தது.

திரையில் அந்த நீல வெளிச்சம். அதில் அவர் பெயர்.

ஷீலா பாய்ந்து பச்சைப் பொத்தானை அமுக்கினாள். அதற்குள் ரிங் நின்றுவிட்டது. காதில் வைத்து "ஏங்க, ஏங்க" என்றாள். மறுமுனையில் ஒன்றுமே இல்லை.

மெழுகுவர்த்திச் சுடர் ஆடாமல் நின்றது.

 எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. அவளை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கால் வரவில்லை. என் செல்போனை எடுத்து அந்த எண்ணுக்கு அடித்தேன். ஒரு பெண் குரல் மராத்தியில், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. ஸ்பீக்கரில் போட்டு அவளுக்கும் கேட்கவைத்தேன்.

"பாத்தீங்களா? அந்த நம்பரே இல்லீங்க ஷீலா. வேற ஏதோ கோளாறு."

ஷீலா என் செல்போனைப் பார்த்தாள். பிறகு தன்னுடையதை.

"நான் ஒரு வாட்டிகூட அடிக்கலக்கா."

"என்னங்க?"

"அவருக்கு. அன்னிலேர்ந்து. அவரு எடுக்கலன்னா இன்னா பண்றதுன்னு பயம்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தபின் அந்த வார்த்தை எனக்கு வரவில்லை. அவள் பொத்தானை அமுக்கி, இரண்டு பேர் காதுக்கும் நடுவில் வைத்தாள். அந்த மராத்திக் குரலுக்காக நான் காத்திருந்தேன்.

ரிங் போனது.

எங்கேயோ அடித்தது. எங்கே என்று தெரியாது. ஒரே ஒரு ரிங்.

அந்தப் பக்கத்தில் யாரோ கட் செய்தார்கள்.

ஷீலா செல்போனை இறக்கினாள். "கட் பண்ணிட்டாரு" என்றாள். உதடு கோணி, அழுகை கிளம்பி வந்தது. "நான் பண்ண மாதிரியே பண்ணிட்டாருக்கா. கோவம்."

நான் அவளை அணைத்துக்கொண்டேன். என் தோளில் முகம் புதைத்து ஒரு விசும்பல் விசும்பினாள். பாதியில் அது நின்றது. மெல்லத் தலையைத் தூக்கினாள்.

"இல்லக்கா."

கண்ணில் நீர் வழிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த முகத்தில் வேறு ஏதோ வந்துவிட்டது. என் கேட்டருகே செல்போன் திரையைப் பார்த்து அந்த மனிதர் சிரிப்பாரே, அதேபோல.

"எங்க ரெண்டு பேருக்கும் கட் பண்ணா கோவம்னு அர்த்தமே கெடையாதுக்கா. நான் கட் பண்ணதெல்லாம் வாங்கன்னுதான். அவருக்கும் அது தெரியும். தெரிஞ்சினுதான் கீறாரு."

எழுந்துபோய் ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். கொடியிலிருந்து ஒரு துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். எல்லாம் சுறுசுறுப்பாக, தினமும் செய்கிற வேலையைப்போல.

"நீங்க கெளம்புங்கக்கா."

"ஷீலா..."

"மழையில நனைஞ்சினு வருவாரு. வெளியாளு இருந்தா வெக்கப்படுவாரு. கெளம்புங்க."

அவள் குரலில் கெஞ்சலும் இல்லை, பைத்தியமும் இல்லை. செருப்பை மாட்டினேன்.

சந்தில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. எங்கும் ஒரு சத்தம் இல்லை. மீன் பொரிக்கும் வாடை போய்விட்டிருந்தது. அதற்குப் பதில் டீசல் வாடை. கூடவே இன்னொன்று, அப்போதுதான் பிளந்த பச்சை மரத்தின் வாடை. போபோடி சந்தில் மரம் ஏது?

காலடிச் சத்தம் சாலையிலிருந்து வந்தது. ஒரு காலை இழுத்து இழுத்து.

எதிரே யாரும் இல்லை.

சந்து குறுகல். எனக்கே தெரியாமல் நான் சுவரோடு சுவராக ஒட்டி வழிவிட்டேன். ஏதோ ஒன்று என் தோளை உரசிக்கொண்டு கடந்தது. ஈரமாக இருந்தது. உரசிய இடத்தில் சுருக்கென்று குத்தியது. கையை வைத்துப் பார்த்தேன். கல்கண்டு மாதிரி சின்னச் சின்னதாய் விரலில் ஒட்டியது.

வண்டிக் கண்ணாடி.

 பின்னால் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. அப்புறம் ஷீலாவின் குரல், எந்த மனைவியும் தாமதமாய் வரும் புருஷனிடம் பேசுகிற அதே குரல்.

"இவ்ளோ நேரமா?"

பதில் சொல்ல ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாள்.

"சரி, வுடுங்க. அழுவாதீங்க. தல பூரா கண்ணாடி. அசையாம உக்காருங்க, நான் எடுக்கறேன்."