பின்னால் நகரும் சீட்

அன்பழகனுக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு, வாரத்தில் மூன்று நாள் மூலக்குளத்திலிருந்து அரியாங்குப்பத்துக்கு அவரைச் சிகிச்சைக்கு அழைத்துப் போகவேண்டியிருந்தது. இருபது வருடம் பஸ் ஓட்டியவர் அவர். இப்போது அவர் மனைவி கமலவேணி கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, 2004 கோடையில் புரோக்கர் மூலமாக ஒரு பழைய காரை வாங்கினாள்.

வீட்டு வாசலில் வந்து நின்ற காரின் கதவைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தது. டிரைவர் சீட் கடைசி வரை பின்னால் தள்ளி, கட்டில் போலச் சாய்ந்து கிடந்தது. நடுவில் பெரிய பள்ளம்.

“சீட்ட முன்னால இழு கமலா. பிரேக்க முழுசா மிதிச்சாலும் முட்டி கொஞ்சம் மடங்கியிருக்கணும். முதுவு ஒட்டி இருக்கணும்,” என்றார் அன்பழகன், குழறிய நாக்கோடு.

சீட்டுக்கு அடியில் கைவிட்டு, அதை நகர்த்தும் கம்பியைத் தேடினாள். விரலில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது. முகர்ந்து பார்த்துவிட்டுக் கையைக் கழுவி வந்து, சீட்டை முன்னால் இழுத்து வைத்தாள்.

மறுநாள் காலை சீட் மறுபடியும் பின்னால் போயிருந்தது. பள்ளத்தில் ஈரம். யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல வெதுவெதுப்பு. பினாயில் போட்டுத் துடைத்துத் துண்டு விரித்து உட்கார்ந்தாள். வீடு திரும்புவதற்குள் துண்டு மஞ்சளாக நனைந்து புடவையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மூன்று தரம் குளித்தாள்.

“வித்துடலாங்க.”

“பழைய வண்டின்னா வேர்வ நாத்தம் இருக்கத்தான் செய்யும். எனக்காவ கொஞ்சம் பொறுத்துக்க.”

அடுத்த வாரம், பட்டப்பகல் பதினொரு மணிக்கு, அரியாங்குப்பம் பாலத்தில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. அவள் பிரேக்குக்குக் காலை நீட்டினாள்.

சீட் நகர்ந்தது.

மெதுவாக, பின்னால். கால் கட்டைவிரல் நுனிகூட பிரேக்கைத் தொடவில்லை. முதுகு சாய்ந்துகொண்டே போனது.

அவள் உட்கார்ந்திருந்தது சீட்டில் இல்லை.

ஒரு மடியில்.

தொளதொளத்த இரண்டு தொடைகள் அவளுக்குக் கீழே அமுங்கின. ஈரமான வயிறு ஒன்று முதுகோடு ஒட்டி மூச்சுவிட்டது. பிடரியில் அழுகல் நெடி.

“கால் எட்டலைங்க,” என்று முனகினாள்.

அன்பழகன் நல்ல கையால் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். லாரிக்கு ஒரு சாண் இருக்கும்போது கார் நின்றது. கமலவேணி கதவைத் திறந்து பாலத்திலேயே வாந்தியெடுத்தாள்.

அன்று மாலையே வேறு டிரைவரை வைத்து, சீட் தைக்கும் வடிவேலிடம் காரைக் கொண்டுபோனாள். அவர் உறையைக் கிழித்தார். உள்ளே இன்னொரு உறை. அதற்கும் கீழே பஞ்சு கறுத்து, வெண்ணெய் போலக் கொழுப்பு படர்ந்து கிடந்தது. அதில் புழுக்கள் நெளிந்தன. நடுவே முழுதாக ஒரு மனித நகம்.

வடிவேல் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய் புரோக்கருக்குப் போன் செய்தார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“முன்ன வச்சிருந்தவரு நல்ல கனத்த ஆளாம்க்கா. படுத்தாப்பலதான் ஓட்டுவாராம். போன வருசம் மே மாசத்துல கண்ணாடிய ஏத்திவுட்டுட்டு வண்டியிலயே செத்துப்போயிட்டாரு. நாலு நாளு யாரும் பாக்கல. சீட்டோட ஒட்டிக்கிட்டவர பிச்சுதான் எடுத்தாங்களாம். மேல புது கவர மட்டும் மாட்டி வித்துட்டானுவ.”

கமலவேணி தன் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டே நின்றாள். தோலை உரித்து எறிந்துவிடலாம் போல இருந்தது.

பழைய சீட்டை மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார்கள். புது சீட்டை அவள் கால் அளவுக்கு வைத்து, நகராதபடி வெல்டிங் அடித்துக் கொடுத்தார் வடிவேல். மூன்று நாள் காரைத் திறந்துவைத்து வெயிலில் காயவிட்டாள்.

நான்காம் நாள் காலை அன்பழகனைத் தாங்கிப் பிடித்துக் காருக்கு அழைத்து வந்தாள். சீட் வைத்த இடத்திலேயே இருந்தது. பள்ளம் இல்லை, வாடை இல்லை.

“சரியாயிடுச்சு பாத்தியா,” என்றார் அவர்.

அவள் டிரைவர் சீட் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது கொக்கியில் மாட்டியிருந்தது. காலி சீட்டின் மேல் துவண்டு கிடக்கவில்லை. பெரிய தொந்தி ஒன்றைச் சுற்றிக் கட்டியதுபோல, அந்தரத்தில் இறுகி நின்றது.

உப்பியது. தாழ்ந்தது.

மறுபடியும் உப்பியது.