கசிந்த செவ்வாய்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் செவ்வாய்க் கிரகம் தயாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

கொல்கத்தா சால்ட் லேக்கில் உள்ள ஆய்வகத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அறை உண்டு. உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிக் குளிரவைத்தால், செவ்வாயில் இருப்பதுபோலவே ஆகிவிடும். விண்கலத்தில் போகும் கேமராவை அதற்குள் வைத்துச் சோதிப்பார்கள். அங்கே வேலை செய்யும் அம்மா வசுந்தராவுடன் பத்து வயது சுபிக்ஷாவும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

"அழுத்தம் காட்டுற முள்ளு இறங்கவே மாட்டேங்குது. எங்கேயோ காத்து கசியுது," என்றார் தலைவர் பட்டாபிராமன். "கதவு ரப்பர் வளையத்தை மாட்டினது யாரு?"

"நான்தான் சார்," என்றார் சிபி. வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். முகத்தில் ஈயாடவில்லை.

"ஒரு வளையம் மாட்டத் தெரியலையா? இனிமே இந்தப் பக்கம் வராதே. ஸ்டோர் ரூமைப் பாத்துக்கோ."

சுபிக்ஷாவைத் தூக்கிவாரிப் போட்டது. இந்த அறைக்காகவே திருநெல்வேலியிலிருந்து கிளம்பி வந்தவராயிற்றே சிபி! பூஜைப் பொரியைக் கொறித்துக்கொண்டே நேற்றுதான் அதைச் சொன்னார்.

நேற்று பூஜை. சுபிக்ஷா சட்டென்று இரும்பு அறையின் கதவைப் பார்த்தாள்.

நேற்று விஸ்வகர்மா பூஜை. கொல்கத்தாவில் அன்று இயந்திரங்கள் ஓடாது; மாலை போட்டுக்கொண்டு ஓய்வெடுக்கும். எல்லோரும் அறைக்கு வெளியேதான் பூ வைத்தார்கள். வீட்டில் ஆயுத பூஜைக்குச் செய்வதுபோல ஒரு மூலைகூட விடக்கூடாது என்று, திறந்திருந்த கதவின் உள்பக்கமும் குங்குமம் வைத்தவள் சுபிக்ஷா. அதுவும் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தின் மேலேயே!

ஐயையோ. சொன்னால் அம்மாவுக்கும் சேர்த்துத் திட்டு விழும். சொல்லாவிட்டால் சிபி காக்கூவின் கதி? தெருவில் எல்லாச் சித்தப்பாக்களையும் வங்க மொழியில் காக்கூ என்று கூப்பிட்டுப் பழகியவள் அவள்.

"சார், காக்கூ சரியாத்தான் மாட்டினாரு. நான்தான் வளையத்துல குங்குமம் வெச்சேன். மூணு பொட்டு."

அம்மா வாயைப் பிளந்துவிட்டாள். "ரப்பர்லயா?"

"அது மட்டும் பொட்டு இல்லாம பாவமா இருந்துச்சும்மா."

அறைக்குள் காற்றைத் திரும்ப விட்டு, சிபி கதவைத் திறந்தார். டார்ச் அடித்துப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "சார், அஞ்சு பொட்டு இருக்கு."

சுபிக்ஷா திடுக்கிட்டாள். "சத்தியமா மூணுதான் வெச்சேன்."

மற்ற இரண்டும் சந்தனப் பொட்டு. சுபிக்ஷாவுக்கு எட்டாத உயரத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு இருந்தன. பட்டாபிராமனின் காதுகள் சிவந்துபோயின.

"கதவுக்குச் சந்தனம் வெக்காம எனக்குப் பூஜை முடிச்ச மாதிரியே இருக்காது," என்றார் மெல்ல. பிறகு தம் நாற்காலியை விட்டு எழுந்தார். "தெரியாம திட்டிட்டேன், சிபி. தப்பு என்னோடது. வா, இங்கே உக்காரு. இன்னைக்கு நீயே ஓட்டு."

வளையத்தைத் துடைத்துக் கதவை மூடியபின், சிபி அந்த நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். முள் மளமளவென்று இறங்கத் தொடங்கியது. சிபி காக்கூ திரும்பிப் பார்த்து, பக்கத்தில் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். சுபிக்ஷா ஓடிப்போய் அதில் ஏறி உட்கார்ந்தாள்.