மறுமொழி சொல்ல ஆளில்லாத கோயில்

காலை எட்டு மணிக்கு என் துணி வண்டி அந்த ஊருக்குள் நுழைந்தபோது குரைக்க ஒரு நாய்கூட இல்லை. நைல் நதியின் மேற்குக் கரையில் நாற்பது கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்த ஊர். போன கோடையில் ஆயுதக்காரர்கள் கோயிலுக்குள் புகுந்து, குரு பிஷாயையும் பூசையிலிருந்த பதினாறு பேரையும் கழுத்தறுத்துப் போட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் அந்த வாரமே மூட்டை கட்டினார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீசா என்பவர்தான் புதுக் குரு; குருவை நாங்கள் 'அபூனா', தந்தை என்று அழைப்போம். முப்பது வயது. எங்கள் சபையில் குருக்கள் கல்யாணம் செய்வார்கள்; இவர் மனைவி மர்தா மூன்று மாதக் கர்ப்பம். முந்தின நாள் என் கடைக்கு வந்து, துணியைப் புரட்டுவது போல நின்றாள்.

"ரிஸ்கல்லா அண்ணே, நீங்க பேசினா கழுதைகூட விலையைக் குறைச்சுக்கும். எப்படியாவது இவரைத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடுங்க."

அதனால் வழியிலேயே பேரத்தை ஆரம்பித்தேன்.

"அபூனா, ஆளில்லாத ஊருக்குக் குரு எதுக்கு? தலையில்லாதவனுக்குத் தொப்பி விக்கிற மாதிரி!"

"பூசைக்கு மறுமொழி சொல்ல ஒருத்தராவது வேணும் அண்ணே. யாரும் சொல்லலேன்னா பூசை கிடையாது, உங்ககூடவே வண்டி ஏறிடறேன். சொல்லிட்டாங்கன்னா இங்கதான் இருப்பேன்."

மனதுக்குள் கை தட்டிக்கொண்டேன். கூட வந்து மறுமொழி சொல்லவேண்டிய திருத்தொண்டருக்கு அன்று காலையில்தான் திடீர்ப் பல்வலி. எனக்கோ மறுமொழி ஒன்றும் தெரியாது. பூசை நேரமெல்லாம் வாசலில் வியாபாரம் பேசி வளர்ந்தவன்.

கதவைத் திறந்ததும் பூட்டிக் கிடந்த இருட்டு முகத்தில் மோதியது. பழைய சாம்பிராணி, எலிப் புழுக்கை, அதற்கடியில் எத்தனை முறை கழுவினாலும் இறைச்சிக் கடைத் தரையை விட்டுப் போகாத அந்த வாடை. பெஞ்சுகளில் விரல் கனத்துக்குத் தூசி. அபூனா பீடத்தின் திரைக்கு முன்னால் நின்று கைகளை விரித்தார்.

"எல்லாருக்கும் சமாதானம்."

மாடத்தில் ஒரு புறா சிறகடித்து அடங்கியது. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"உம்முடைய ஆவிக்கும்."

பெண்கள் பக்கத்திலிருந்து. மெதுவாக.

பிறகு ஆண்கள் பக்கத்திலிருந்து, கனமாக.

தூசி கலையவில்லை.

அபூனா திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வரியைச் சொன்னார். அதற்கும் பதில் வந்தது. ஒரு குரல் மட்டும் ஓட்டை விழுந்த துருத்தி போல, பாதி வார்த்தை வாயாலும் பாதி அதற்குக் கீழேயிருந்தும் வந்தது.

அந்தக் குரல்தான் சொன்னது: "ஒருவரையொருவர் வாழ்த்துங்கள்."

அப்போது பக்கத்திலிருப்பவரின் உள்ளங்கைகளுக்கிடையே கையை நுழைத்து, எடுத்து உதட்டில் வைப்போம். வாசலில் நின்றாலும் இது மட்டும் சிறுவயதுப் பழக்கம். யோசிப்பதற்குள் என் கை நீண்டுவிட்டது.

இரண்டு உள்ளங்கைகள் அதைப் பிடித்தன.

பூசை முடியும்வரை விடவில்லை.

முடிந்ததும் வாசலுக்கு ஓடினேன். அபூனா பின்னால் வந்தார்.

"மர்தாகிட்டச் சொல்லுங்க, எனக்கு இங்க சபை இருக்குன்னு."

"அபூனா, அவங்க செத்தவங்க!"

"செத்தப்புறமும் ஓடிப்போகலையே, அண்ணே. நான் எப்படிப் போறது?"

மூன்று மைல் தாண்டிக் கரும்புத் தோட்டத்துக்கு நடுவே வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு மர்தாவைப் போனில் கூப்பிட்டேன். கண்ணுக்கெட்டிய தூரம் என்னைத் தவிர யாருமில்லை.

"தங்கச்சி, இங்க ஈ காக்கா கிடையாது. இவரை அனுப்பின ஆயர்கிட்டப் போய் அழு. அவரே இவரைத் திருப்பிக் கூப்பிட்டுக்கட்டும்."

மர்தா சிரித்தாள்.

"விளையாடாதீங்க அண்ணே, வயித்துல புளியைக் கரைச்சிட்டீங்க! உங்க பின்னாடியே இவ்வளவு சனம் பாடுதே. நாளைக்கே நானும் அங்க வந்துடறேன். சரி, கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க. யாரோ உங்க போனுக்குள்ளயே மூச்சு விடறாங்க."