பத்தாவது அமைதி

மாலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்குப் பேனா ஒரு முறை குனிந்து எழுந்தது. குனிந்திருக்கக் கூடாது.

பகல் முழுக்க அது எப்படி வேண்டுமானாலும் துள்ளலாம். வெயிலில் வெந்த புல்வெளிக்கு மேல் காற்று கொதித்துக்கொண்டிருக்கும். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் கொட்டகையில் எரியும் விளக்கின் ஒளி, அந்தக் கொதிப்பின் வழியே இடறி விழுந்து, இந்த வண்டிக்குள் இருக்கும் தொலைநோக்கிக்கு வந்து சேரும்போது வெடவெடவென்று நடுங்கும். பேனா அந்த நடுக்கத்தைக் காகிதச் சுருளில் கிறுக்கித் தள்ளும். ஆனால் பொழுது சாய்வதற்குச் சற்று முன்னால் தரையின் சூடும் காற்றின் சூடும் சமமாகும். பத்தே நிமிடம். நடுக்கம் அடங்கும். பேனா நேர்கோடு போடும். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் மார்லென் செய்தோவிச் அல்மா அத்தா நகரத்து வீட்டுச் சோபாவை விட்டு இந்தத் தகர வண்டிக்கு வந்திருந்தார்.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. இரண்டு பெரிய தலைவர்களின் பெயர்களை வெட்டி ஒட்டி அவருக்குப் பெயர் வைத்த தகப்பனார், மகன் பெரிய ஆளாக வருவான் என்று நம்பியிருந்தார். மகன் ஆய்வகத்தின் துணைத்தலைவராகிப் பதினான்கு வருடமாகத் துணையாகவே இருந்தார். டாக்டர் பட்டம் கிடைத்துவிட்டால் அந்தத் துணை உதிர்ந்துவிடும். ஆய்வேடு தயார், பத்து மாலைகளின் அமைதி மட்டும் பாக்கி. பட்டமளிப்பு விருந்துக்கான பெயர்ப்பட்டியலும் தயார். அது ஆய்வேட்டின் மேற்கோள் பட்டியலைவிட நீளம்.

"ஒட்டகமா இருக்கும்," என்றார், அந்தக் குனிவைப் பார்த்து.

உதவியாளர் ரௌஷான் சுருளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அளப்பது, கணக்கிடுவது, வரைவது எல்லாம் அவள்தான், கையெழுத்து அவருடையது. "ஒளி ரெண்டரை மீட்டர் உயரத்துல போகுது. மறைக்கணும்னா ஒட்டகம்தான் வேணும், சரி. இங்க ஒட்டகம் ஏது? பண்ணை அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கு."

"வழி தவறி வந்திருக்கும்."

"நாம மட்டும் என்ன வழி தெரிஞ்சா வந்தோம்?"

அவர் கத்தரிக்கோலை எடுத்தார். குனிவு இருந்த விரற்கடை நீளத்தை வெட்டி, சுருளின் இரண்டு முனைகளையும் பசை தடவி ஒட்டினார். இந்தத் துறையில் இதற்குச் 'சுத்தம் செய்வது' என்று பெயர். எல்லாரும் செய்வதுதான், அவர் கொஞ்சம் அழகாகச் செய்வார்.

"ஒத்தையா நடக்கிறதுக்கு நம்ம தொழில்ல மதிப்பு இல்லம்மா. சராசரிதான் உண்மை. ஒரு தடவை நடந்தது நடக்காததுக்குச் சமம்."

மறுநாள் அதே ஆறு பன்னிரண்டுக்குப் பேனா மறுபடி குனிந்தது. இம்முறை பள்ளம் சற்று அகலம், ஓரங்கள் மங்கல். மூன்றாம் நாள் இன்னும் அகலம். அவர் வெட்டினார், ஒட்டினார். நான்காம் நாள் ரௌஷான் மேசை விளக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பென்சிலைப் பிடித்துக் காட்டினாள். சுவருக்குப் பக்கத்தில் பிடித்தபோது நிழல் கத்திபோல் கூர்மையாக இருந்தது. விளக்குப் பக்கம் நகர்த்த நகர்த்தப் பரந்து மங்கியது.

"மொத நாள் அது நம்ம வண்டியிலிருந்து இருநூறு மீட்டர்ல குறுக்க போயிருக்கு. ரெண்டாம் நாள் நானூறு. அப்புறம் அறுநூறு. இன்னிக்கு எண்ணூறு."

அவர் மனம் அந்த எண்களைக் கேட்டதும் முதலில் ஓர் ஆறுதலைத்தான் கண்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"அப்போ நம்மள விட்டுப் போகுது. நல்லதுதானே."

"தூர்சின் பக்கமா போகுது," என்றாள் ரௌஷான்.

தூர்சின் விளக்குக்காரன். கொட்டகையில் ஜெனரேட்டரோடும் தேநீர்க் கெட்டிலோடும் தனியாக இருந்தான். நடுவே தரையில் ஓடிய கம்பியின் வழியே கைப்பிடி சுற்றும் தொலைபேசியில் பேசுவான். மரியாதையாகப் பெயரைச் சுருக்கி 'மாகே' என்றுதான் அவரைக் கூப்பிடுவான். அந்த மரியாதை நாக்கைத் தாண்டி உள்ளே போனதில்லை.

எட்டாம் நாள் காலையில் அவனே கூப்பிட்டான். "மாகே, உங்க பக்கம் தரை அணில் கத்துதா?"

"ஏன்?"

"இங்க ஒண்ணுகூட இல்ல. போன வாரம் வரைக்கும் தூங்க விடாம விசிலடிச்சுதுங்க. நான் பாடினதக் கேட்டுட்டுக் குடும்பத்தோட ஊரக் காலி பண்ணிடுச்சோ என்னவோ."

"பாடாதே."

"சரி மாகே. அதிகாரபூர்வமா நிறுத்திக்கிறேன். மனு ஏதும் எழுதித் தரணுமா?"

அவர் சிரித்துவிட்டுத் தொலைபேசியை வைத்தார். வைத்த பிறகுதான் வண்டிக்கு வெளியே காது கொடுத்தார். இந்தப் பக்கமும் விசில் இல்லை. முதல் நாளிலிருந்தே இல்லையோ என்று தோன்றியது. அதை அவர் எந்தத் தாளிலும் குறித்து வைக்கவில்லை, அளக்கிற விஷயமாகவே நினைக்கவில்லை. ஜுசான் செடியின் கசப்பு வாசனை மட்டும் தகரத்தின் இடுக்குகள் வழியே வந்துகொண்டிருந்தது. அதற்கடியில் வேறொன்று, ஈரக் கம்பளியை மூடி வைத்த பெட்டியைத் திறந்தாற்போல. மழை பெய்து இரண்டு மாதமாகிறது.

ஒன்பதாம் நாள் குனிவு ஆயிரத்து எண்ணூறு மீட்டரில். அன்று ரௌஷான் ஒரு புதிய தாளைக் கொண்டுவந்து அவர் முன் விரித்தாள். பகல் நேரச் சுருள்களை, அந்தக் கிறுக்கல் குப்பையை, நாற்பது விநாடித் துண்டுகளாக வெட்டி, ஆயிரக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்திருந்தாள்.

நடுக்கமெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டிருந்தது. மிச்சம் நின்றது ஒரு பள்ளம். வழவழப்பாக. ஆழமாக.

"ஆறு பன்னிரண்டுக்கு மட்டும் போகல," என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "நாள் முழுக்கப் போயிட்டு வருது. நாற்பது செகண்டுக்கு ஒரு தடவை. காத்து கொதிக்கிறப்போ நமக்குத் தெரியல. அடங்கினதும் அதுவும் நின்னுக்குது, ஆறு பன்னிரண்டுக்கு ஒரே ஒரு தடவைதான் தாண்டுது. சராசரிதான் உண்மைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் அவர் பார்த்த மிகச் சுத்தமான வளைகோடு அதுதான்.

"தூர்சினக் கூப்பிட்டுக்கலாம். இப்பவே."

"நாளைக்கு ஒரு நாள்தாம்மா. பத்து வேணும். ஒன்பத வச்சுகிட்டுப் போய் நின்னா சபையில சிரிப்பாங்க."

"நாளைக்கு ரெண்டாயிரம். ரெண்டாயிரத்துல விளக்கு இருக்கு."

"நாளைக்கு," என்றார்.

பத்தாம் நாள் மாலை ஐந்தரைக்கு அவள் ஜீப் சாவி கேட்டு நின்றாள். அவர் சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"குறுக்க ஓட்டக் கூடாது. புழுதி கிளம்பினா ஒளி கெட்டுப்போகும், பத்தாவது போச்சு. உப்புத்தரையச் சுத்திப் போ."

"அது பதினோரு கிலோமீட்டர். அந்தப் பாதையில ஒரு மணி நேரம் ஆகும்."

"ஆறு பன்னிரண்டுக்குள்ள போயிடலாம்."

அவர் கணக்குத் தெரிந்தவர். போய்ச் சேர முடியாது என்பது அவருக்குத் தெரியும். அவள் அவரைப் பார்த்த பார்வையில், அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். ஜீப்பின் சத்தம் வெகுநேரம் தேய்ந்துகொண்டே இருந்து, எப்போது நின்றது என்று தெரியாமல் நின்றது.

ஆறு மணிக்குக் காற்று அடங்கத் தொடங்கியது. பேனாவின் துள்ளல் சிறுத்தது. ஆறு ஐந்துக்கு நேர்கோடு. வெளியே புல்லின் ஒவ்வொரு முனையும் தனித்தனியாக எழுதி வைத்ததுபோல் தெரிந்தது. ஆறு எட்டுக்குத் தொலைபேசி அடித்தது.

"மாகே, விளக்குக்குப் பின்னாடி யாரோ நிக்கிற மாதிரி இருக்கு. அணைச்சிட்டுப் பாக்கட்டுமா? கண்ணு கூசுது."

"அணைக்காதே. பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷம்தானே," என்றான் தூர்சின். முதல் தடவையாக அவன் கேலி செய்யவில்லை. "சரி. நீங்க சொன்னா சரி."

ரிசீவரை மேசைமேல் வைத்த சத்தம் கேட்டது. இணைப்பு திறந்தே இருந்தது. அவர் காதிலிருந்து எடுக்கவில்லை. ஜெனரேட்டரின் உறுமல் கேட்டது. பிறகு அது இல்லை.

ஆறு பன்னிரண்டு.

பேனா குனியவில்லை.

ஆறு பதின்மூன்று. பதினைந்து. அப்பழுக்கில்லாத கோடு. வெட்ட வேண்டிய இடமே இல்லாத பத்தாவது சுருள். அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது. விருந்தில் யார் யாரை எங்கே உட்கார வைப்பது என்று ஒரு கணம் யோசித்தார்.

ஆறு இருபதுக்கு நடுக்கம் திரும்பியிருக்க வேண்டும். தரை குளிரும், காற்று புரளும், இருபது வருடமாக ஒருநாளும் தவறியதில்லை.

திரும்பவில்லை.

ஆறரை. நேர்கோடு. நேர்கோடு அல்ல. சற்றே மேல்நோக்கி. அவர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். கோடு ஏறிக்கொண்டிருந்தது. மெல்ல, ஒரே சீராக. ஒளி கூடுகிறது. விளக்கு கூடுதலாக எரியாது. அப்படியென்றால். அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

காதில் திடீரென்று ஒரு மூச்சு. இரைத்து இரைத்து.

"மார்லென் செய்தோவிச். ரௌஷான் பேசறேன். வந்துட்டேன். தூர்சின் இல்ல. கதவு திறந்திருக்கு. கெட்டில் இன்னும் கொதிக்குது."

"விளக்கு," என்றார். "விளக்கு நல்லாத்தானே எரியுது?"

"இல்லையே. அணைஞ்சு கிடக்கு." காலடிச் சத்தம் கேட்டது. "தொட்டுப் பாக்கறேன். ஜில்லுனு இருக்கு."

பேனா காகிதத்தின் மேல் ஓரத்தைத் தொட்டது. அதற்குமேல் போக இடமில்லாமல் அங்கேயே நின்று கீறியது. காகிதம் கிழிந்தது.

"மார்லென் செய்தோவிச்? நீங்க எதப் பாத்துட்டு இருக்கீங்க?"

அவர் கிழிந்த சுருளிலிருந்து கண்ணை எடுத்தார். தொலைநோக்கி தேவைப்படவில்லை.

வண்டியின் சிறிய ஜன்னல். பழுப்பு வெளிச்சம். புல்வெளி. நடுவே அது. இரண்டரை மீட்டர் உயரத்தில் ஓர் ஒளி, வெள்ளையாக, உருண்டையாக. விளக்கைக் கையில் தூக்கி வந்தால் அடிக்கு அடி ஆடும். இது ஆடவில்லை. கண்ணாடியில் நீர் ஓடுவதுபோல் வந்தது.

நூறு மீட்டர்.

காதில் ரௌஷான் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஐம்பது.

இருபது.

ஒளிக்குக் கீழே தூர்சினின் கட்டம் போட்ட சட்டை தெரிந்தது. பொத்தான்கள் சரியாகப் போடப்பட்டிருந்தன. கைகள் பக்கவாட்டில் தொங்கின. கால்கள் தெரிந்தன. வெறுங்கால்கள். விரல்கள் தரையை நோக்கி நீண்டிருந்தன; புல்நுனிக்கு ஒரு சாண் மேலே. புல் அசையவில்லை. சட்டைக் காலர் திறந்திருந்தது. அதற்குமேல், முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஒளி இருந்தது. கொஞ்சமும் நடுங்காமல்.