பெரியாயி வீட்டுத் தகர வில்லை

1921, ஆகஸ்ட். பகல் பன்னிரண்டரை மணி. பதுளைப் பக்கம், ஸ்பிரிங்வெளிக்கு மேலே தேயிலைத் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் ஒரு லயம். பெரியாயியின் ஒற்றையறைக் காம்பராவுக்குள் நுழைந்ததுமே வைரவநாதன் சுவரைத்தான் பார்த்தார். மாரியம்மன் படத்துக்குக் கீழே ஆணி இருந்தது. அதில் தொங்கிய தகர வில்லையைக் காணோம்.

வைரவநாதன் பதுளையில் துணிக்கடை வைத்திருப்பவர். ஊரில் எது களவு போனாலும் போலீசுக்கு முன்னால் மூக்கை நுழைப்பவர். இந்தத் தடவை போனதோ, அவரே நம்பியிருந்த ஒரே சாட்சி.

கடல் தாண்டித் தோட்டங்களுக்கு வருபவர்களை நோய்ச் சோதனைக்கு நிறுத்திவைக்கும் கடலோரத் தடுப்பு முகாமில், இறங்கும் ஒவ்வொருவர் கழுத்திலும் நம்பர் அடித்த வில்லையைக் கறுப்புக் கயிற்றில் கட்டுவார்கள். பெரியாயியின் மகள் பூவம்மா, நாலு வயது, அங்கேயே காய்ச்சலில் செத்தாள். அப்படியொரு பிள்ளை வரவேயில்லை என்று முகாம் துரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். வந்தாள் என்று சொல்ல அந்த வில்லை ஒன்றுதான். அதை வாங்கி, சபையில் கேள்வி கேட்கத்தான் சட்டசபை மெம்பர் சண்முகராஜா மாலையில் பதுளைக்கு வருகிறார்.

"காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போகையில இருந்துச்சுங்க. கொழுந்து நிறுத்துட்டு வந்து பாத்தா இல்லீங்க," என்றாள் பெரியாயி.

"கதவு?"

"பூட்டிட்டுத்தான் போனேன். சாவி எறவாணத்துல இருக்கும். லயத்துக்கே தெரியும்."

தேத்தண்ணியை நீட்டினாள். மணிக்கட்டில் மூன்று சுற்றாய்க் கறுப்புக் கயிறு, அதில் செம்பழுப்பாய் ஒரு கறை. கண்கள் வீங்கியிருந்தன.

ஒரு மணி. கங்காணி அழகரைப் பிடித்தார்.

"விடிய அவ காம்பராப் பக்கம் வந்தீங்களாமே?"

"வந்தேங்க. சேதி சொல்ல."

"என்ன சேதி?"

"அவ புருசன் ராமாமிர்தம் ஊருக்குப் போயிருந்தான்ல? திரும்பி வர்றப்ப முகாம்ல நிறுத்திட்டாங்க. பத்து நாளாச்சு, விட மாட்டேங்கிறாங்க."

வைரவநாதனுக்கு வாயிலிருந்த வெற்றிலை கசந்தது. பெரியாயியிடம் திரும்பி வந்தார்.

"திருடன்னா கயிறோட பிச்சிக்கிட்டு ஓடியிருப்பான். இங்க யாரோ நிதானமா முடிச்சை அவுத்திருக்காங்க. பிள்ளை கழுத்துல கெடந்த கயித்தை விட ஒனக்கு மனசு வரல, கையில சுத்திக்கிட்ட. தகரம் ஒரசின துரு அதுல இன்னும் இருக்கு. எடுத்தது நீதான், பெரியாயி."

அரிசிப் பானைக்குள் கையை விட்டு, வில்லையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"எம் மக போயிட்டா. அவ அப்பாரு இன்னும் அவங்க கையிலதானே இருக்காரு? இனி நீங்க பாத்துச் செய்யுங்க மொதலாளி."

நாலு மணி. பதுளை வாடிவீட்டில் மெம்பர் தங்கியிருந்த அறை.

"சபையில நீங்க கேள்வி கேட்டா யாருங்க பதில் சொல்லுவாங்க?" என்று வைரவநாதன் கேட்டார்.

"முகாம் துரைக்கு எழுதிக் கேப்பாங்க. அவர் எழுதி அனுப்புறதை வாசிப்பாங்க," என்றார் மெம்பர்.

"சாட்சி பேரு?"

"அதுவும் அவருக்குப் போகும்."

"அங்க இருக்கிற ஒரு ஆளை உங்களால வெளிய எடுக்க முடியுமா?"

மெம்பர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "என்னால கேள்விதான் கேக்க முடியும். வில்லை எங்கே?"

சட்டைப் பைக்குள் அது நெஞ்சை உறுத்தியது. எந்தக் களவையும் கண்டுபிடிக்காமல் விட்டதில்லை என்று பீற்றிக்கொள்ளும் மனிதர் அவர்.

"காணாமப் போச்சுங்க. எடுத்தது யாருன்னு கண்டுபிடிக்க முடியல," என்றார்.

சபையில் கேட்க எழுதிவைத்திருந்த கேள்வித்தாளில் பூவம்மாவின் பெயர் இருந்த வரியை மெம்பர் அடித்துவிட்டார்.