புது மாட்டின் மேல் பழி

கல்பனா வீட்டு மாடு மாதம் நிறைவதற்கு முன்பே கன்று வீசிவிட்டது. கன்று உயிரோடு இல்லை. சில வாரங்களில் எதிர்வீட்டு வரதராஜனின் மாட்டுக்கும் அப்படியே ஆனது.

“எல்லாம் பிரேமா வீட்டுப் புது மாடு வந்த நேரம்” என்றார் வரதராஜன்.

பக்கத்து வீட்டுப் பிரேமாக்கா பள்ளிப்பட்டுச் சந்தையில் ஆசையாக வாங்கி வந்த மாடு அது. “அந்த மாட்ட வித்துடு” என்று தெருவே சொன்னது. பிரேமாக்கா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கல்பனாவுக்குப் பொறுக்கவில்லை. “மாமா, அது வர்றதுக்கு முன்னாடியே எங்க மாடு கன்னு வீசிடுச்சே?”

வரதராஜன் தலையைச் சொறிந்தார். “சின்னப் பொண்ணு, உனக்கு இன்னா தெரியும்? போ, போ.”

கல்பனா போனாள், நேராக மாட்டாஸ்பத்திரிக்கு!

“டாக்டரம்மா, எங்க தெரு மாடுங்க எல்லாத்தையும் சோதிங்க. புது மாட்ட மட்டும் இல்ல.”

டாக்டர் அனுசுயா மறுநாளே வந்து எல்லா மாடுகளிடமிருந்தும் ரத்தம் எடுத்தார். சாயங்காலம் தெருக்காரர்கள் ஆஸ்பத்திரியில் கூடிவிட்டார்கள்.

ரத்தத்திலிருந்து பிரிந்த தெளிந்த நீரில் ஒரு துளியை வெள்ளைத் தட்டில் விட்டார் டாக்டர். அதோடு ரோஸ் நிற மருந்தைக் கலந்து தட்டை மெல்ல ஆட்டினார்.

“இது பிரேமா மாடு. கலவை வழவழன்னு இருக்கு பாருங்க. நோய் இல்ல.”

பிரேமாக்கா கல்பனாவைத் தூக்கிச் சுற்றினாள்.

அடுத்து வரதராஜனின் மாடு. கலவை திரிந்த பால்போல் திட்டுத் திட்டாக ஆனது. கல்பனா வீட்டு மாட்டுக்கும் அப்படியே.

“கன்னு வீச்சு நோய். இது கிருமியோட வேலை. வந்த நேரமும் இல்ல, போன நேரமும் இல்ல” என்றார் டாக்டர்.

கல்பனாவின் முகம் வாடியது. சட்டென்று ஒன்று தோன்றியது.

“டாக்டரம்மா, இது மனுசங்களுக்கும் வருமா?”

“வரும். ஏன் கேக்கற?”

“செத்துப் பொறந்த அந்தக் கன்னுக்குட்டிய எங்க நைனாதான் வெறுங்கையால இழுத்தாரு. அப்புறம் அவருக்குக் காய்ச்சல் வந்து வந்து போவுது. முட்டி வலின்னு படுத்துகினே இருக்காரு. கடை மாத்திரை எதுவும் கேக்கல.”

டாக்டர் தட்டைக் கீழே வைத்தார். “நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. மாட்டுக்கு இந்த நோய் இருக்குன்னு மறக்காம சொல்லு.”

கல்பனா மறக்காமல் சொன்னாள். அவள் அப்பா துளசிங்கத்தின் ரத்தத்திலும் அதே கிருமி! இத்தனை நாள் தெரியாமல் இருந்த நோய்க்குச் சரியான மருந்து கிடைத்தது. அவர் ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டார்.

நோய் கண்ட இரண்டு மாடுகளும் தனிக் கொட்டகைக்குப் போயின. தெருவில் யாரும் பாலைக் காய்ச்சாமல் குடிப்பதில்லை. பெண் கன்றுகளுக்குத் தடுப்பூசி போட்ட அன்று முதல் ஆளாக நின்றவர் வரதராஜன்.

“தப்பா பேசிட்டேம்மா” என்றார் பிரேமாக்காவிடம்.

“என் மாட்டாண்ட சொல்லுங்க!”

அவரும் மாட்டின் முன்னால் நின்று சொன்னார். அது அவருடைய துண்டைக் கவ்விச் சவைக்கத் தொடங்கியது. தெருவே சிரித்தது.

மருந்தெல்லாம் முடிந்த பிறகு வந்த கிருத்திகையன்று கல்பனாவும் அப்பாவும் முருகன் கோயில் மலைப்படி ஏறினார்கள். பாதி வழியில் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

“நைனா, நில்லு! எனக்கு மூச்சு வாங்குது!”

துளசிங்கம் மேலே நின்று திரும்பிப் பார்த்தார். சிரித்துவிட்டு, இன்னும் வேகமாக ஏறினார்.